வரைபடத்தின் நிலையும் அதன் பயன்பாடும்: என் முனைவர் பட்ட ஆய்வு

பெரிய உள்கட்டமைப்புத் திட்டங்களில் டிஜிட்டல் தகவல் எப்படிக் கைமாறுகிறது என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. ஒரு ரயில் பாதையையோ சுரங்கப் பாதையையோ வடிவமைப்பவர் ஒருவர், கட்டுபவர் இன்னொருவர், பல வருடம் பராமரிக்கப் போகிறவர் வேறொருவர். இவர்களுக்கு நடுவே ஆயிரக்கணக்கான வரைபடங்களும் பிம் மாடல்களும் (கட்டமைப்பின் பாகங்களை அவற்றின் விவரங்களோடு காட்டும் டிஜிட்டல் மாதிரிகள்) சோதனை அறிக்கைகளும் போய்வந்துகொண்டே இருக்கும்.

சேரும்போது நான் கொடுத்த தலைப்பு முழுக்க மென்பொருளைப் பற்றியது. மாடலை ஐ.எஃப்.சி. கோப்பாக, அதாவது வேறு வேறு மென்பொருள்கள் படிக்கக்கூடிய பொது வடிவமாக, மாற்றும்போது எந்தத் தகவல் விடுபடுகிறது என்று பார்ப்பதாகத் திட்டம். நெறியாளர் படித்துவிட்டு, "இதில் ஆட்கள் எங்கே?" என்றார். பதில் தெரியாமலேயே முதல் வருடம் போனது. கட்டுமானத் தகவலை நிர்வகிப்பது பற்றி 2018 கடைசியில் வந்த சர்வதேசத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 19650-இன் முதல் இரண்டு பகுதிகளைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எல்லாரும் பயன்படுத்தும் பொதுத் தரவுச் சூழலில் ஒரு கோப்பு முதலில் வேலை நடப்பில் இருக்கும், பிறகு பகிரப்படும், அப்புறம் வெளியிடப்படும், கடைசியில் காப்பகத்துக்குப் போகும். படிக்க அவ்வளவு தெளிவாக இருந்தது.

என்னை உண்மையில் வாட்டியது தரவு கிடைக்காததுதான். ஒரு நிறுவனம் வாய்மொழியாகச் சரி என்றது. ஏழு மாதம் கழித்து அங்கே மேலாளர் மாறினார். கோப்புகள் பல ஒப்பந்ததாரர்களுக்குச் சொந்தம், எல்லாரும் சம்மதிக்காமல் தர முடியாது என்று புதியவர் மறுத்துவிட்டார். அவர் சொன்னதில் தவறே இல்லை, எழுத்தில் வாங்காதது என் பிழை. அடுத்த இடத்தில் கேட்பதையே மாற்றினேன். கோப்புகள் வேண்டாம், பதிவுகள் மட்டும் போதும் என்றேன்: கோப்பு எண், திருத்த எண், நிலை, தேதி. உள்ளடக்கம் எதுவும் வெளியே போகாது என்பதால் கதவு திறந்தது. இந்தத் துறையில் ஆய்வு தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

பதிவுகளை மட்டும் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக நடப்பதுபோல் தெரிந்தது. பிறகு அங்கே கோப்புகளின் வரத்தையும் போக்கையும் கவனிக்கும் ஆவணக் கட்டுப்பாட்டாளரோடு சில வாரம் உட்கார்ந்தேன். அவர் தனியாக ஒரு எக்செல் தாள் வைத்திருந்தார். எந்த வரைபடத்துக்கு யார் காத்திருக்கிறார், அது வராததால் எதை வைத்து வேலை ஓடுகிறது என்று அதில் குறித்திருந்தார். கோப்பின் நிலையைக் குறிக்கும் பிரிட்டன் குறியீடுகளில் எஸ்2 என்றால் தகவலுக்கு மட்டும், அதை வைத்துக் கட்டக் கூடாது. அந்த நிலையில் இருந்த ஒரு வரைபடத்தைப் பார்த்தே தளத்தில் கம்பி கட்டியிருந்தார்கள். கான்கிரீட் வண்டிக்கு நாள் குறித்தாகிவிட்டது, ஒப்புதல் வரவில்லை, என்ன செய்வார்கள்? அமைப்புக்குள் அந்த வரைபடம் இன்னும் எஸ்2தான்.

என் ஆய்வுக் கேள்வி அங்கேதான் கிடைத்தது. ஒரு கோப்பின் அறிவிக்கப்பட்ட நிலைக்கும் அது உண்மையில் பயன்படும் விதத்துக்கும் நடுவே இடைவெளி ஏன் வருகிறது? பதிவில் இருந்த ஒவ்வொரு தாமதத்தையும் நேர்காணல்களோடு பொருத்திப் பார்த்தேன். மென்பொருள் மெதுவாக இருந்தது என்று கிட்டத்தட்ட யாரும் சொல்லவில்லை. ஒப்புதல் தர வேண்டியவர் கையெழுத்திட்டால் பொறுப்பு தன் தலையில் விழும் என்று தயங்கியதைத்தான் பலரும் வேறு வேறு வார்த்தைகளில் சொன்னார்கள்.

எழுதும் வேலை நீளமானது, ஆனால் கடினமில்லை. வைவா எனும் வாய்மொழித் தேர்வில், ஒரே திட்டத்தை வைத்து மற்றவற்றைப் பற்றி எப்படிப் பேசுவீர்கள் என்று கேட்டார்கள். எண்ணிக்கையைப் பொதுமைப்படுத்தவில்லை, தாமதம் உருவாகும் விதத்தை விளக்குகிறேன் என்றேன். சிறு திருத்தங்களோடு ஏற்றுக்கொண்டார்கள்.

ஒரு திருத்தத்தை நானாகவே சேர்த்தேன். பராமரிப்புப் பொறியாளர் ஒருவர் நேர்காணலில் சொன்னது பின்னிணைப்பில் கிடந்தது: "மாடலில் பம்பின் நிறம்கூட இருக்கிறது. அதைக் கழற்ற எந்த வால்வை மூட வேண்டும் என்பது இல்லை. வேலை தொடங்கும்போது எங்களிடம் யாரும் கேட்கவில்லை." அதை எடுத்து முதல் அத்தியாயத்தின் முதல் வரியாக வைத்தேன்.