க்ரப் வருகிறது, ஹார்ட் டிஸ்க் வரவில்லை

"டிஸ்க் போய்விட்டது சார், ஃபார்மட் கேட்கிறது" என்று சொல்லிக்கொண்டே கணினி பழுதுபார்க்கும் கடைப் பையன் மவுஸை ஃபார்மட் பட்டன் மேல் கொண்டுபோய்விட்டான். "கையை எடு தம்பி!" என்று நான் போட்ட சத்தத்தில் கல்லாவில் இருந்தவரே எழுந்துவிட்டார். லினக்ஸ் தன் கோப்புகளை இஎக்ஸ்டி4 என்ற முறையில் வைக்கும் பகிர்வை, அதாவது டிஸ்க்கின் அந்தப் பகுதியை, விண்டோஸ் தானாகப் படிக்காது. தனக்குப் புரியாத டிஸ்க்கைச் செருகினால் ஃபார்மட் செய்யட்டுமா என்றுதான் கேட்கும். அப்பாவின் எட்டு வருடக் கணக்குகள் அதற்குள் இருந்தன. டிஸ்க்கைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு வெளியேறினேன். சோதித்துப் பார்த்த கூலி நூறு ரூபாயை மறக்காமல் வாங்கிக்கொண்டார்கள்.

வீட்டுக் கணினி 2008இல் வாங்கிய கோர் 2 டுயோ. அதில் டெபியன் 12 என்ற லினக்ஸ் ஓடுகிறது. திங்கட்கிழமை காலை சுவிட்சைப் போட்டதும் 'சீமாஸ் செக்சம்' சரியில்லை என்று ஒரு வரி வந்தது. கணினி எழும்போது முதலில் ஓடும் நிரல் பயாஸ்; அதன் அமைப்புகள் இருக்கும் இடம்தான் சீமாஸ். எஃப்1 அழுத்தினால் செட்டப், எஃப்2 அழுத்தினால் ஆரம்ப மதிப்புகளோடு தொடரலாம். அவசரத்தில் எஃப்2வைத் தட்டினேன். அந்த ஒரு தட்டு நான்கு நாட்களைத் தின்றுவிட்டது.

லினக்ஸை ஏற்றிவிடும் க்ரப்பின் மெனு வழக்கம்போல் வந்தது. லினக்ஸின் மையமான கெர்னல் ஏறியது. அரை நிமிடம் கழித்து, 'லினக்ஸ் குடியிருக்கும் ரூட் பகிர்வுக்காகக் காத்திருந்து அலுத்துவிட்டேன், இந்த யுயுஐடி (பகிர்வின் அடையாள எண்) உள்ள சாதனமே இல்லை' என்று அறிவித்துவிட்டு, கெர்னலோடு முதலில் ஏறும் சிறு தற்காலிக அமைப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸின் முனையத்தில் நின்றுகொண்டது. அங்கே பகிர்வுகளைப் பட்டியலிடும் பிஎல்கேஐடி கட்டளையைக் கொடுத்தால் வெறும் மௌனம். டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றினேன், போர்ட்டை மாற்றினேன். ரூட் பகிர்வுக்காகக் காத்திருக்கும் நேரமான 'ரூட்-டிலே' மதிப்பை 90 நொடி ஆக்கிப் பார்த்தேன். ஒன்றரை நிமிடம் காக்கவைத்துவிட்டு அதே வசனத்தைச் சொன்னது. அதன்பிறகுதான் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஏறியிருக்கவே வேண்டாம். க்ரப்பும் கெர்னலும் அதே டிஸ்க்கில்தான் இருக்கின்றன. பயாஸ் வழியாகப் படிக்கப்பட்டுத்தான் திரைக்கு வருகின்றன. மெனு வந்து கெர்னலும் ஏறுகிறது என்றால் கேபிளும் மின்சாரமும் பெரும்பாலும் சரி, டிஸ்க்கும் உயிரோடு இருக்கிறது. கெர்னல் பொறுப்பேற்றுத் தன் சொந்த டிரைவரால் (சாதனத்தை இயக்கும் நிரலால்) தேடும்போதுதான் காணாமல் போகிறது. க்ரப்பே வரவில்லை என்றால் கதை வேறு. சாட்டாவுக்கு முந்தைய ஐடிஇ காலத்து இயந்திரமாக இருந்தால், டிஸ்க் மாஸ்டரா (முதல் டிஸ்க்) ஸ்லேவா (இரண்டாவது) என்று குறிக்கும் ஜம்பரை முதலில் பாருங்கள். 80 கம்பி ரிப்பன் கேபிளில் நீல முனை மதர்போர்டுக்கு, கறுப்பு முனை மாஸ்டருக்கு, நடுவில் இருக்கும் சாம்பல் நிறம் ஸ்லேவுக்கு. இதை மாற்றிச் செருகி ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்த அனுபவமும் எனக்கு உண்டு.

வீட்டுக்கு வந்து டிஸ்க்கைத் திரும்ப மாட்டி, நிறுவாமலே ஓடும் லினக்ஸ் உள்ள லைவ் பென் டிரைவில் கணினியை ஏற்றினேன். பழைய பயாஸ்களில் பென் டிரைவைத் தனியாகத் தேடாதீர்கள். பல சமயம் ஹார்ட் டிஸ்க் பட்டியலுக்குள் இரண்டாவதாகப் பதுங்கியிருக்கும். ஏறிய மறுநிமிடமே டிஸ்க் கண்ணில் பட்டது! டிஸ்க்கின் ஆரோக்கியத்தைச் சொல்லும் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையில் பார்த்தால் பழுதாகி மாற்றப்பட்ட செக்டார் பூஜ்யம். மகிழ்ச்சியோடு பிரவுசரைத் திறந்தால் எந்தத் தளமும் திறக்கவில்லை, எல்லாவற்றுக்கும் சான்றிதழ் பிழை. மூலையில் இருந்த தேதியைப் பார்த்தேன்: 2008 ஜனவரி 1.

அங்கேதான் பொறி தட்டியது. கடிகாரத்தையும் பயாஸ் அமைப்புகளையும் காக்கும் மதர்போர்டு பேட்டரி செத்திருக்கிறது, எஃப்2 பயாஸை ஆரம்ப மதிப்புகளுக்குத் தள்ளியிருக்கிறது. வன்பொருள்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையில் டிரைவர் ஏடிஏ_பிக்ஸ் என்று இருந்தது. நான் பழகியது ஏஎச்சிஐ. அதாவது பயாஸில் சாட்டா டிஸ்க்கோடு பேசும் முறை ஏஎச்சிஐயிலிருந்து பழைய ஐடிஇக்கு மாறியிருந்தது.

சாதாரண டெபியன் இதற்கு அசந்திருக்காது. இனிட்ராம்எஃப்எஸ்ஸில் இரண்டு டிரைவரும் இருக்கும். என்னுடையது அசந்ததற்கு நானேதான் காரணம். கெர்னலும் இனிட்ராம்எஃப்எஸ்ஸும் இருக்கும் பூட் பகிர்வில் இடம் போதவில்லை என்று இரண்டு வருடம் முன்பு இனிட்ராம்எஃப்எஸ்.கான்ஃப் கோப்பில் மாட்யூல்ஸ் என்பதை 'மோஸ்ட்'டிலிருந்து 'டெப்' ஆக்கியிருந்தேன். அன்றைக்கு அந்தக் கணினிக்குத் தேவைப்பட்ட டிரைவர் மட்டும் உள்ளே போனது. கடைக்காரரைத் திட்டியதில் பாதியை எனக்கு வைத்துக்கொண்டேன்.

பயாஸில் சாட்டாவை ஏஎச்சிஐக்கு மாற்றினேன், கணினி எழுந்துவிட்டது. உங்கள் பயாஸில் அந்தத் தெரிவே இல்லையென்றால் லைவ் டிரைவிலிருந்து சிஎச்ரூட் செய்து (டிஸ்க்கில் உள்ள லினக்ஸுக்குள் நுழைந்து) இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுபடி கட்ட வேண்டும். அதற்காகப் பகிர்வுகளை மவுண்ட் செய்யும்போது (இணைக்கும்போது) தனி பூட் பகிர்வை மறந்துவிடாதீர்கள். மறந்தால் புதுக் கோப்பு வேறெங்கோ போய் உட்கார்ந்துகொள்ளும்.

பெட்டிக்கடையில் சிஆர்2032 பேட்டரி வாங்கிப் போட்டேன். பழைய கெர்னல்கள் இரண்டை நீக்கி இடம் பண்ணி, 'மோஸ்ட்' என்று திருத்தி, அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்ஸை எல்லாக் கெர்னலுக்கும் ஓட்டினேன். பிறகு வேண்டுமென்றே பயாஸை ஐடிஇக்கு மாற்றிப் பார்த்தேன். பழுதில்லாமல் ஏறியது. அந்த இரண்டு நிமிடத்தில் கிடைத்த திருப்திக்கு நூறு ரூபாய் போனது வலிக்கவில்லை.

அப்பாவோ இன்றும் இரவு தோறும் கணினியின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் படுக்கிறார். கடிகாரம் இரவெல்லாம் பேட்டரியைத்தான் குடிக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். "கரண்ட் பில்லை யார் கட்டுகிறார்கள்?" என்றார்.