அந்தப் புள்ளி ஞாபகம் இருக்கா?

டிஜிட்டல் ப்ரொஜெக்டரைக் குறை சொல்ல மாட்டேன். கீறல் கிடையாது, நூறாவது காட்சியும் முதல் காட்சி மாதிரியே இருக்கும். ஆனாலும் என் மனசு 35 மி.மீ. ஃபிலிம்கிட்டதான்.

நொடிக்கு 24 ஃபிரேம். ஒவ்வொண்ணும் விளக்கு முன்னாடி ஒரு கணம் அசையாம நிக்கணும். இழுத்து நிறுத்துறது மால்டீஸ் கிராஸ்ங்கிற சின்னச் சக்கரம். ஃபிலிம் நகரும்போது ஷட்டர் வெளிச்சத்தை மறைச்சிடும். படம் பார்க்கிற நேரத்துல பாதிக்குப் பாதி இருட்டுலதான் உட்கார்ந்திருந்தோம்!

2000 அடி ரீல் 22 நிமிஷத்துல தீர்ந்துடும். முடியப்போறப்ப திரையோட வலது மேல் மூலையில ஒரு புள்ளி மின்னும். ஆபரேட்டர் அடுத்த ரீல் மாட்டி வச்சிருக்கிற இன்னொரு ப்ரொஜெக்டரை ஓடவிடுவார். சில நொடியில இன்னொரு புள்ளி, உடனே திரைக்குப் போற வெளிச்சத்தை அந்த ப்ரொஜெக்டருக்கு மாத்துவார். நமக்குத் தெரியவே தெரியாது. அந்தப் புள்ளிக்காக இருட்டறையில கண் இமைக்காம நின்ன அத்தனை ஆபரேட்டர்களுக்கும் என் வணக்கம்.