தொடுவெட்டியின் கொம்பு

மார்த்தாண்டத்தை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்றைக்கும் தொடுவெட்டி என்றுதான் சொல்வார்கள். இந்த மாதிரிப் பழைய ஊர்ப்பெயர்கள் காதில் விழும்போதெல்லாம் எழுதி வைப்பது என் வழக்கம். எழுதுவது ஈமேக்ஸ் என்ற எழுதும் மென்பொருளில். லேப்டாப் பழசு, 4 ஜிபி ரேம். அதனால் டெர்மினல் என்ற வெறும் எழுத்துத் திரைக்குள் ஓடும் ஈமேக்ஸே போதும் என்று இருந்துவிட்டேன். ஆனால் டெர்மினலில் தமிழ் படும் பாடு இருக்கிறதே! கர்சர் நிற்பது ஓரிடம், எழுத்து அழிவது வேறிடம்.

2024 ஜூன் கடைசியில் ஈமேக்ஸ் 29.4 வந்தது. குலசேகரத்தில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது, வெளியே போக வழியில்லை. சரி, இதைத் தனிச் சன்னலோடு மூலநிரலிலிருந்து நாமே காம்பைல் செய்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஆயத்தமாகக் கிடைக்கும் பேக்கேஜாகப் போட்டிருக்கலாமே என்பீர்கள். போட்டிருக்கலாம்தான். ஆனால் என் லேப்டாப்பில் இருந்த டெபியன் 12 லினக்ஸில் கிடைத்தது 28.2. எனக்கு 29-இல் வந்த மென்மையான ஸ்க்ரோல் வேண்டியிருந்தது. அதைவிட, மழைக்கு ஏதாவது ஒரு வேலை வேண்டியிருந்தது.

ஏறக்குறைய 50 எம்பி மூலக்கோப்பை இறக்கி விரித்து, வேண்டியதெல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறதா என்று பார்க்கும் கான்ஃபிகரை ஓட்டினேன். சன்னல்களைத் திரையில் காட்டும் எக்ஸ் ஓடுகிறது, ஆனால் அதற்கான டெவலப்மென்ட் நூலகம் இல்லை என்று உடனே நின்றுவிட்டது. கம்ப்யூட்டரில் நூலகம் (மற்ற நிரல்கள் பயன்படுத்தும் நிரல்தொகுப்பு) இருந்தால் மட்டும் போதாது, காம்பைல் செய்ய அதன் ஹெடர் கோப்புகளும் வேண்டும். டெபியனில் அவை பெயரின் கடைசியில் 'டெவ்' என்று வரும் பேக்கேஜில் தனியாக இருக்கும்.

சன்னலின் மெனுவையும் பொத்தானையும் வரைய எந்த டூல்கிட் என்பதையும் நாம்தான் சொல்ல வேண்டும். பெரும்பாலும் ஜிடிகே3 போடுவார்கள். நான் லூசிட் எடுத்தேன். பார்க்க அரதப்பழசாக இருக்கும், ஆனால் லேசானது. ஈமேக்ஸைப் பின்னணியில் டெமனாக ஓட்டுபவர்களுக்கு ஜிடிகேயில் ஒரு பழைய தொல்லையும் உண்டு: எக்ஸ் இணைப்பு அறுந்தால் ஈமேக்ஸும் சேர்ந்து விழலாம். லூசிட்டுக்கு எக்ஸ்ஏடபிள்யூ நூலகத்தின் டெவ் பேக்கேஜ் வேண்டும். அதைப் போட்டேன். அடுத்து ஜிஃப் படத்துக்கானது இல்லை, டிஃப் படத்துக்கானது இல்லை, பாதுகாப்பான இணைய இணைப்புக்கான ஜிஎன்யூடிஎல்எஸ் இல்லை என்று வரிசையாக முறையிட்டது. ஒவ்வொன்றாகப் போட்டேன். திரையில் வரைவதற்கான கெய்ரோவையும் சேர்த்துக்கொண்டேன்.

கான்ஃபிகர் ஒருவழியாக முடிந்தது. காம்பைலைத் தொடங்கும் மேக் கட்டளையைக் கொடுத்துவிட்டு மரச்சீனியும் மீன்குழம்பும் சாப்பிடப் போனேன். பாதியில் கரண்ட் போனது. லேப்டாப் பேட்டரி செத்துப் பல மாதம் ஆகிறது, திரை அப்படியே இருண்டது. கரண்ட் வந்ததும் மறுபடி மேக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். தொடர்ந்தது, ஆனால் கடைசியில் இணைக்கும் கட்டத்தில் ஒரு கோப்பை அடையாளம் தெரியவில்லை என்றது. போய்ப் பார்த்தால், காம்பைலின் நடுவில் உருவாகும் ஆப்ஜெக்ட் கோப்புகளில் ஒன்றின் அளவு 0 பைட். கரண்ட் போன நேரத்தில் எழுதிக்கொண்டிருந்தது அதுதான் போலிருக்கிறது. அதை அழித்துவிட்டு ஓட்டினேன், முடிந்தது.

நிறுவும் முன் எஸ்ஆர்சி ஃபோல்டருக்குள் இருக்கும் ஈமேக்ஸை அங்கிருந்தே திறந்தேன். சன்னல் வந்தது! பல மொழிகளில் வணக்கம் சொல்லும் ஹலோ பக்கத்தைப் பார்த்தேன். தமிழ் வணக்கமும் இருந்தது, கண்ணுக்கு உறுத்தவில்லை. பிறகு தமிழ்99 தட்டச்சு முறைக்கு மாறி ஆசையாகத் தொடுவெட்டி என்று அடித்தேன்.

த தனியாக நின்றது. கொம்பும் காலும் அதற்குப் பின்னால். வ-வின் கொம்பு அடுத்து வரும் ட்-க்கு முன்னால் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. கொல்லங்கோடு, தேங்காப்பட்டணம், எல்லாம் அதே கதி. வணக்கத்தில் கொம்பே கிடையாது, அதனால்தான் ஏமாந்தேன்.

ஃபான்ட்தான் சரியில்லை என்று நினைத்து மூன்று ஃபான்ட் மாற்றினேன். ஒரு மாலை அதிலேயே போனது. கடைசியில் நாகர்கோவிலில் இருக்கும் நண்பனைக் கூப்பிட்டேன்.

"மக்கா, கான்ஃபிகர் முடிஞ்சப்போ கடைசில ஒரு லிஸ்ட் வந்திருக்குமே, படிச்சியா?"

"இல்ல."

"பின்ன?"

படித்தேன். கெய்ரோவுக்கு நேராக ஆம். அதற்குக் கீழே, ஹார்ஃப்பஸ்: இல்லை. யூனிகோடில் மெய் முதலில், கொம்பு பிறகு என்றுதான் சேமிக்கப்படும். திரையில் கொம்பை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது ஹார்ஃப்பஸின் வேலை. 2020-இல் வந்த 27-ஆம் பதிப்பிலிருந்து ஈமேக்ஸ் அதைப் பயன்படுத்துகிறது. ஜிடிகே எடுத்திருந்தால் அதன் டெவ் பேக்கேஜோடு இதுவும் தானாக வந்திருக்கும். லூசிட்டுக்கு அப்படி வராது. ஜிஃப் இல்லை என்றால் நின்று கூப்பாடு போடும் கான்ஃபிகர், இது இல்லாததற்கு வாயே திறக்கவில்லை. ஜிஃப் படம் இல்லாமல் யாராவது செத்துவிடுவார்களா என்ன?

ஹார்ஃப்பஸின் டெவ் பேக்கேஜைப் போட்டு மறுபடி கான்ஃபிகர், மறுபடி மேக். இந்த முறை மேக் முடியும்வரை எழுந்திருக்கவில்லை. எழுத்தின்மேல் கர்சரை வைத்து கண்ட்ரோல்-யூ, கண்ட்ரோல்-எக்ஸ், சமக்குறி அடித்தால் அதை வரைவது எது என்று ஈமேக்ஸ் காட்டும். முன்பு 'எஃப்டிசிஆர்' என்றிருந்தது, இப்போது அதன் வாலில் 'எச்பி' சேர்ந்திருந்தது. தொடுவெட்டியும் தொடுவெட்டியாகவே வந்தது.

அப்புறம் நிர்வாகி உரிமை தரும் சூடோவோடு மேக் இன்ஸ்டால். காம்பைல் செய்த ஃபோல்டரை மட்டும் இன்னும் அழிக்கவில்லை. பின்னால் இதை நீக்க வேண்டுமானால் மேக் அன்இன்ஸ்டாலை அங்கிருந்துதான் ஓட்ட வேண்டும்.