வாஷிங்டன் ஹைட்ஸில் ஒரு கடைக்காரர் மகள்

குளிர்பெட்டி பழுதாகிப் பால் திரிந்துபோன ஒரு காலை. கடைக்கு வந்த மூதாட்டி, தன் தாயாரின் பழைய பக்குவம் என்று சொல்லி, கோப்பிக்கு டின்பாலை ஊற்றச் சொல்கிறார். ‘இன் தி ஹைட்ஸ்’ இசைநாடகம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே வரும் காட்சி இது. 2016ஆம் ஆண்டில் மேற்படிப்புக்காக லண்டனில் இருந்தபோது, கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையத்துக்குப் பின்புறம் தற்காலிகமாக எழுப்பியிருந்த அரங்கில் அதை முதன்முதலாகப் பார்த்தேன். மேடையில் பாட்டும் ஆட்டமும் களைகட்டிக்கொண்டிருக்க, நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சிங்கப்பூரின் தங்ளின் ஹால்ட்டில் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்தில் மாமாக் கடை எனப்படும் சிறு மளிகைக் கடை வைத்திருந்த என் தந்தை, என் அத்தா, விடியற்காலையில் ரொட்டி வண்டி வந்து போனதும், டின்னின் மூடியில் எதிரெதிராக இரண்டு துளைகள் போட்டு, தடித்த கண்ணாடிக் குவளையில் பால் இறங்குவதைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டு நிற்பார். அந்தப் பொறுமையை நான் மேடையில் கண்டது அன்றுதான்.

வாஷிங்டன் ஹைட்ஸ் என்பது நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவில், ஹார்லெமுக்கு வடக்கே மேட்டில் அமைந்த வட்டாரம். அதற்கும் வடக்கே ஒட்டியிருக்கும் இன்வுட்டில் வளர்ந்த லின்-மனுவேல் மிராண்டா, கல்லூரி மாணவராக இருந்தபோது எழுதத் தொடங்கிய நாடகம் இது. 1999இல் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் அதன் முதல் வடிவம் மேடையேறியது. பின்னர் கியாரா அலெக்ரியா ஹூடஸ் நாடக வசனத்தைப் புதிதாக எழுத, 2008 மார்ச் 9ஆம் தேதி பிராட்வேயில் அரங்கேறி, சிறந்த இசைநாடகத்துக்கானது உட்பட நான்கு டோனி விருதுகளைப் பெற்றது. கதை பெரிதல்ல. அமெரிக்கச் சுதந்திர தினத்தை ஒட்டிய கோடை நாள்களில் ஒரு தெருமுனையில் நடப்பவைதான் கதை. உஸ்நாவி என்னும் டொமினிகன் இளைஞன் பெட்டிக்கடை நடத்துகிறான். வாடகை கட்டுப்படியாகாமல் முடிதிருத்தும் நிலையம் பிராங்ஸுக்குப் போகவிருக்கிறது. மகளின் படிப்புச் செலவுக்காக ஒரு தந்தை தன் வாடகைக் கார் தொழிலை விற்கிறார். தெருவே ‘பாட்டி’ என்று அழைக்கும் கிளாடியா, கியூபாவிலிருந்து 1943இல் வந்து, பிறர் வீடுகளைத் துப்புரவு செய்தே முதுமை எய்தியவர்.

எங்கள் பேட்டையின் கதையும் ஏறத்தாழ இதுதான். தங்ளின் ஹால்ட், காமன்வெல்த் டிரைவ் பகுதிகளின் 31 கட்டடங்கள் ஒட்டுமொத்த மறுமேம்பாட்டுத் திட்டத்தின் கீழ் எடுத்துக்கொள்ளப்படும் என்று 2014 ஜூன் மாதம் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அறிவித்தது. பக்கத்தில் டாசன் வட்டாரத்தில் புதிய வீடுகள் கிடைத்தன. அவை நல்ல வீடுகள், அதில் குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை. ஆனால், 1960களில் எழுந்த அந்தப் பத்து மாடிக் கட்டடங்களில் யார் வீட்டில் யாருக்குச் சர்க்கரை நோய், எந்தப் பிள்ளைக்குக் கடன் கொடுக்கலாம், எந்தச் சீனப் பாட்டிக்கு மின்தூக்கி வரை அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்பதெல்லாம் அத்தாவின் தலைக்குள் இருந்த கணக்கு. அந்தக் கணக்கை எந்தப் புதிய முகவரிக்கும் மாற்ற முடியவில்லை.

அறிவிப்பு வந்த பிறகு வார இறுதிதோறும் படக்கருவிகளோடு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மறையப்போகும் ஓர் இடத்தைப் பதிவுசெய்ய வேண்டும் என்ற அவர்களுடைய ஆர்வத்தை நான் மதிக்கிறேன். எங்கள் கட்டடத்தின் நல்ல படங்கள் சில அவர்கள் எடுத்தவைதான். ஆயினும், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அத்தா சில்லறை எண்ணிக்கொண்டிருந்தபோது, அனுமதி கேட்காமல் ஒருவர் அவர் முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் படக்கருவியை நீட்டிப் பத்துப் பதினைந்து படங்கள் எடுத்துவிட்டு, ஒரு மிட்டாய்கூட வாங்காமல் அடுத்த கடைக்குப் போய்விட்டார். அத்தா ஒன்றும் சொல்லவில்லை. எண்ணிக்கொண்டிருந்த காசை மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். சென்ற ஜூன் மாதம் நியூயார்க் செல்வது உறுதியானபோது, வாஷிங்டன் ஹைட்ஸுக்குப் போயே ஆக வேண்டும் என்பதோடு, அந்த மனிதரைப் போல் போகக்கூடாது என்பதையும் மனத்தில் முடிந்துகொண்டேன். ஆள்களைப் படம் எடுப்பதில்லை, எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் ஏதாவது வாங்காமல் வெளியே வருவதில்லை, முதல் வணக்கத்தை அவர்கள் மொழியில் சொல்வது; இவ்வளவுதான் என் ஏற்பாடு.

போகும் வழியை நாடகமே சொல்லிவிடுகிறது. தொடக்கப் பாட்டில் உஸ்நாவி பார்வையாளர்களை நோக்கி, ஏ ரயிலில் ஏறி ஹார்லெமையும் தாண்டி வந்து, 181ஆம் தெருவில் இறங்கி மின்படியில் ஏறச் சொல்கிறான். அப்படியே செய்தேன். பகலில் விரைவு ரயிலாக ஓடும் ஏ, 59ஆம் தெருவை விட்டால் 125ஆம் தெருவில்தான் நிற்கும். அதற்குப் பிறகு பெட்டிக்குள் ஸ்பானிஷ் மொழி கூடிக்கொண்டே வந்தது. 181இல் இறங்கியதும் மின்படி மேலே மேலே போய்க்கொண்டே இருந்தது. ரயில் மிக ஆழத்தில் ஓடுகிறது என்பதைவிட, தெரு மலைமேல் இருக்கிறது என்று சொல்வதே பொருத்தம். மன்ஹாட்டனின் மிக உயரமான இயற்கை மேடு, ஏறத்தாழ 81 மீட்டர், அருகிலுள்ள பென்னட் பூங்காவில் இருக்கிறது. அங்கிருந்த வாஷிங்டன் கோட்டையை 1776இல் பிரிட்டிஷார் கைப்பற்றினார்கள். வட்டாரத்தின் பெயர் அந்தக் கோட்டையிலிருந்து வந்தது. சற்று வடகிழக்கே, ஒன்றாம் எண் தடத்திலுள்ள 191ஆம் தெரு நிலையம் தெருமட்டத்திலிருந்து சுமார் 53 மீட்டர் கீழே இருக்கிறது. நம் சிங்கப்பூரின் பென்கூலன் ரயில் நிலையத்தின் ஆழம் 43 மீட்டர்தான்.

மேட்டிலிருந்து 181ஆம் தெரு பிராட்வே சாலையை நோக்கிச் சரிவாக இறங்குகிறது. இறங்க இறங்கக் கடைகளின் வெளியே வாழைக்காய்ச் சீப்புகளும் மரவள்ளிக் கிழங்கும் வெண்ணெய்ப் பழமும் அடுக்கியிருந்ததைப் பார்த்தபோது, தேக்காவில் பஃபலோ சாலை வழியாக நடப்பதுபோல் இருந்தது. செயின்ட் நிக்கோலஸ் அவென்யூவைக் கடந்து, ஒரு முனையிலிருந்த பெட்டிக்கடைக்குள் நுழைந்தேன். ‘போதேகா’ என்பார்கள். உஸ்நாவியின் கடை எது என்று யாரிடமும் கேட்கவில்லை. அது கற்பனைக் கடை, அந்த வட்டாரத்தின் எல்லாப் போதேகாக்களும் சேர்ந்ததே அது. 2021இல் நாடகம் திரைப்படமானபோது 175ஆம் தெருவும் ஆடுபன் அவென்யூவும் சந்திக்கும் முனையில் படமாக்கினார்கள் என்பதால் சிலர் அங்கே போய்ப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். நானும் அந்த முனையைக் கடந்துதான் பிறகு போனேன். அங்கே குடியிருப்பவர்கள் துணிகளைச் சலவைக்குச் சுமந்து போய்க்கொண்டிருந்தார்கள். நான் நடையை நிறுத்தவில்லை.

நான் நுழைந்த கடையை மட்டும் நிதானமாகப் பார்த்தேன். வாசலை ஒட்டிக் கல்லா, அதன்மேல் கண்ணாடித் தடுப்பு, தடுப்புக்குப் பின்னால் சீட்டுக்கட்டுபோல் தொங்கும் அதிர்ஷ்டச் சுரண்டல் சீட்டுகள். நாடகத்தில் 96,000 டாலர் விழுந்த சீட்டு உஸ்நாவியின் கடையில்தான் விற்றது என்பது நினைவுக்கு வந்தது. உள்ளே அரிசி மூட்டைகளின்மேல் ஒரு சாம்பல் நிறப் பூனை, மூட்டையின் பள்ளத்துக்கு ஏற்றாற்போல் உடம்பை வளைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பழைய நோட்டுப் புத்தகம், நடுவில் பென்சில் செருகி, ஓரங்கள் சுருண்டு கிடந்தது. பெயர்களும் தொகைகளும் எழுதிய கடன் கணக்கு. சில வரிகளின்மேல் குறுக்குக் கோடு. பல வரிகளின்மேல் இல்லை. அதைப் பார்த்ததும் நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அத்தாவின் நோட்டை அடுத்தவர் படிப்பதை நான் விரும்பியிருக்க மாட்டேன்.

“புவேனோஸ் தியாஸ்” என்றேன். கடைக்காரர் தலையை நிமிர்த்தி அதே சொல்லைத் திருப்பிச் சொன்னார். கோப்பியும், மசித்த வாழைக்காயான மங்கூவும் கேட்டேன். மங்கூவோடு பொரித்த சலாமி, பாலாடைக்கட்டி, முட்டை மூன்றும் வைத்துத் தருவது அவர்கள் வழக்கம். இறைச்சி வேண்டாம் என்று கையால் காட்டியதும், காரணம் கேட்காமல், அதற்குப் பதிலாக இரண்டு துண்டு வெண்ணெய்ப் பழம் வைத்தார். மேலே காடியில் ஊறிய சிவப்பு வெங்காயம். எனக்குப் பின்னால் நின்ற ஒரு மூதாட்டி, என் சில்லறையை நான் தடுமாறி எண்ணுவதைப் பார்த்து, “மிஹா” என்று சொல்லிவிட்டு, உள்ளங்கையிலிருந்து சரியான காசுகளைத் தானே பொறுக்கிக் கல்லாவில் வைத்தார். ‘என் மகளே’ என்பதைச் சுருக்கிய அழைப்பு அது. எங்கள் கடை வாசலில் வயதான தமிழ்ப் பெண்கள் யார் பிள்ளையானாலும் “தாயி” என்பார்கள். காது வித்தியாசம் பார்க்கவில்லை.

கூட்டம் குறைந்ததும் எங்கிருந்து வருகிறாய் என்று கடைக்காரர் ஆங்கிலத்தில் கேட்டார். சிங்கப்பூர் என்றேன், என் தகப்பனாரும் இப்படியொரு கடை வைத்திருந்தார் என்றேன். அதுவரை வாடிக்கையாளரிடம் பேசுவதுபோல் பேசிக்கொண்டிருந்தவர், கல்லாவைச் சுற்றி வெளியே வந்து நின்றார். எத்தனை மணிக்குத் திறப்பார், எத்தனை பேர் வேலைக்கு, வாடகையா சொந்தமா என்று வரிசையாகக் கேட்டார். நான் அந்த நாடகத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அரை மணி நேரம் கடை வைப்பதைப் பற்றி மட்டுமே பேசினோம். அந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த ஆகப் பெரிய பேறு அந்த அரை மணி நேரம்தான்.

பிறகு நெடுநேரம் நடந்தேன். இந்த மேட்டில் ஒருகாலத்தில் ஐரிஷ் மக்கள் வாழ்ந்தார்கள். 1930களில் நாஜிகளிடமிருந்து தப்பிவந்த ஜெர்மானிய யூதர்கள் வந்தார்கள். டொமினிகன் குடியரசில் 1961இல் சர்வாதிகாரி துருஹியோ கொல்லப்பட்டதற்கும் 1965இல் அங்கே உள்நாட்டுப் போர் மூண்டதற்கும் பிறகுதான் டொமினிகன் மக்கள் பெருந்தொகையாக வந்து சேர்ந்தார்கள். 2018இல் ‘லிட்டில் டொமினிகன் ரிப்பப்ளிக்’ என்ற பெயர் வட்டாரத்துக்குக் கிடைத்தது. சிராங்கூன் சாலைக்கு ‘லிட்டில் இந்தியா’ என்று பெயர் வந்த பிறகும் நாம் தேக்கா என்றே சொல்லிக்கொண்டிருப்பதை நினைத்துக்கொண்டேன். பிராட்வேயும் 175ஆம் தெருவும் சேரும் இடத்தில் யுனைடெட் பேலஸ் என்ற 1930ஆம் ஆண்டுத் திரையரங்கு, இன்று வழிபாட்டிடமாகவும் கலை அரங்காகவும் நிற்கிறது. திரைப்பட வடிவத்தின் முதல் காட்சி இங்கே, இந்த வட்டாரத்திலேயே நடந்தது என்பது எனக்குப் பிடித்த செய்தி. இன்னும் தெற்கே 165ஆம் தெருவில், 1965 பிப்ரவரி 21 அன்று கறுப்பின முஸ்லிம் தலைவர் மால்கம் எக்ஸ் சுட்டுக் கொல்லப்பட்ட ஆடுபன் கூடம். நாடகத்தைத் தேடி வந்தவள் நான். ஆனால், அதில் இடம்பெறாத துயரங்களும் இந்த மண்ணுக்கு உண்டு என்பதால் அங்கே பாத்திஹா ஓதிவிட்டுத்தான் நகர்ந்தேன்.

பிற்பகல் வெயில் ஏறியபோது தள்ளுவண்டியில் பிராகுவா விற்பவரைப் பார்த்தேன். நாடகத்தில் இவருக்கென்றே ஒரு பாட்டு உண்டு. பெருநிறுவன ஐஸ்கிரீம் வண்டியோடு போட்டி போட்டுக்கொண்டே தன் பனியைக் கூவி விற்பார். பிரமிடைக் குறிக்கும் ‘பிராமிதே’யும் நீரைக் குறிக்கும் ‘அகுவா’வும் சேர்ந்த பெயர். ஈரத் துணி போர்த்திய பனிக்கட்டியின்மேல் உலோகச் சீவுளியை அழுத்தி இழுக்க, உள்ளே சேர்ந்த துருவலைக் கோப்பையில் கூம்பாகக் கவிழ்த்து, நான் கேட்ட புளிச்சாற்றுப் பாகை உச்சியிலிருந்து ஊற்றினார். பாகு கூம்பின் ஒரு பக்கமாகச் சிவந்து இறங்கி அடியில் தேங்கியது. அந்தக் காலத்தில் சிங்கப்பூர்த் தெருக்களில் பனிக்கட்டியைத் துருவி, கையில் உருட்டி, பாகு ஊற்றிக் கொடுத்த பனி உருண்டையைப் பற்றி அத்தா சொல்லியிருக்கிறார். புளியில் பாகு காய்ச்சியதாக அவர் சொன்னதில்லை. நான் இரண்டாவதும் வாங்கினேன்.

மாலையில் ஜே. ஹூட் ரைட் பூங்காவில் உட்கார்ந்தேன். மேடையின் பின்னணியில் எப்போதும் தெரியும் ஜார்ஜ் வாஷிங்டன் பாலம் அங்கிருந்து மரங்களுக்கு மேல் எழும்பி நிற்கிறது. 1931இல் திறந்தபோது, கோபுரத்துக்குக் கோபுரம் 1,067 மீட்டர் நீளும் அதன் இடைவெளிதான் உலகிலேயே நீளமானது. பெரியவர்கள் மேசை போட்டு டோமினோ ஆடிக்கொண்டிருந்தார்கள். கட்டை மேசையில் விழும் ஒவ்வொரு முறையும் பட்டாசுச் சத்தம். நாடகத்தின் நடுவே மின்சாரம் போய்த் தெருவே இருளில் மூழ்கும். 1999 ஜூலையில் உண்மையாகவே இந்த வட்டாரம் கடும் வெயிலில் மின்சாரமின்றி ஒரு நீண்ட இரவைக் கழித்திருக்கிறது. அந்த இரவில் கடைக்காரர்கள் கடையைக் காத்தபடி வாசலிலேயே உட்கார்ந்திருந்திருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

ஜூன் மாதத்தில் நியூயார்க்குக்கும் சிங்கப்பூருக்கும் சரியாகப் பன்னிரண்டு மணி நேர வித்தியாசம். எனக்கு மாலை ஏழு, டாசனில் காலை ஏழு. அத்தாவை அழைத்தேன். பாலத்தைக் காட்டினேன், “ம்” என்றார். கடையை எடுத்த படம் உண்டா என்று கேட்டார். உள்ளே எடுக்கவில்லை, அனுமதி கேட்டு வாசலை மட்டும் ஒன்று எடுத்தேன் என்று சொல்லி அனுப்பினேன். கைப்பேசியைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார்.

“ரொட்டியை வாசல்லயே வெச்சிருக்காரே, வெயில் படாதா?” என்றார்.

“காலையில நெழல்தான் அத்தா. பத்து மணிக்கு உள்ள எடுத்து வெச்சுருவாராம்.”

“எத்தன மணிக்குத் தொறக்குறாராம்?”

“அஞ்சு மணிக்கு.”

“நான் அஞ்சர” என்றார் அத்தா. பிறகு, அந்தக் கடைக்காரருக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார்.