மீந்த தாளில் ரஃப் நோட்டு தைத்த கோடை

நோட்டு, லேபிள், பிரவுன் அட்டை எல்லாவற்றையும் தங்களிடமே செட்டாக வாங்க வேண்டும் என்று பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் சொல்லிவிட்டார்கள். நம் இஷ்டத்துக்கு விட்டுவைத்திருப்பது ரஃப் நோட்டு ஒன்றைத்தான். சரி, அதையாவது காசு கொடுக்காமல், பழைய நோட்டுகளில் மீந்திருக்கும் தாளைப் பிரித்து நாமே தைத்துவிடலாம் என்று 2024 கோடை விடுமுறையில் இறங்கினேன். மதுரையில் வீடு, மேலே நிழலே இல்லாத மொட்டை மாடி. மகள் ஏழாவது போகிறாள், மகன் நாலாவது. செய்து பார்த்ததில் எது சரியாக வந்தது, எது வரவில்லை என்று எழுதி வைக்கிறேன், இதே வேலையைத் தொடுகிறவர்களுக்கு உதவும்.

அந்த வருடம் அழகர் ஆற்றில் இறங்கியது ஏப்ரல் 23. திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் கிளம்பி, கூடத்தில் விரித்த பாய் எல்லாம் சுருட்டிய பிறகுதான் பரணிலிருந்து நோட்டுக் கட்டை இறக்க முடிந்தது. கணக்கும் சமூக அறிவியலும் கடைசிப் பக்கம்வரை எழுதித் தீர்ந்திருந்தன, அதில் ஒன்றும் தேறாது. பொது அறிவு, நீதிபோதனை, கம்ப்யூட்டர், இந்த மூன்றில்தான் தாள் கிடைக்கும். கம்ப்யூட்டர் நோட்டில் மவுஸ் படம் ஒன்று, கீபோர்டு படம் ஒன்று, "பார்த்தேன்" என்று டீச்சர் கையெழுத்து ஒன்று, அதற்கப்புறம் முழுக்க வெள்ளை.

பிரிக்க ஆரம்பித்தபோதுதான் நோட்டு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதே புரிந்தது. கடை நோட்டு 96 பக்கம், 192 பக்கம் என்று வருவது குயர் கணக்கு. ஒரு குயர் என்றால் 24 முழுத்தாள். நடுவில் மடித்தால் 48 இதழ், அதாவது 96 பக்கம். இரண்டு குயர் 192. எல்லாத் தாளையும் ஒன்றுக்குள் ஒன்றாக மடித்து நடுமுதுகில் பின் அடித்திருப்பதால், முதல் இதழும் கடைசி இதழும் ஒரே தாளின் இரண்டு பாதிகள். பிள்ளைகள் முன்னாலிருந்து எழுதிக்கொண்டு போகிறார்கள், பின்னால் வெள்ளையாக இருக்கும் இதழுக்கு ஜோடி முன்னால் எழுதி முடித்த இதழ். ஆகப் பாதிக்கு மேல் எழுதிய நோட்டிலிருந்து மடித்துத் தைக்கிற மாதிரி முழுத்தாள் ஒன்றுகூட வராது, எல்லாம் ஒற்றை இதழ்தான். கால்வாசி எழுதியிருந்தால் நடுவிலிருக்கும் பாதி முழுத்தாளாக வரும், கடைசிக் கால்வாசி ஒற்றை. நோட்டு தைக்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் முதலில் இந்த இரண்டையும் தனித்தனிக் கட்டாகப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் இரண்டுக்கும் தையல் வேறு.

பின்னை வெளியிலிருந்து நெம்பினால் தாள் கிழியும். நடுப்பக்கத்தை விரித்து, உள்ளே மடங்கியிருக்கும் இரண்டு காலையும் ஸ்பூன் காம்பால் நிமிர்த்திவிட்டு, வெளிப்பக்கமாக இழுத்தால் சத்தமில்லாமல் வந்துவிடும். பழைய நோட்டில் பின் துருப்பிடித்து ஓட்டையைச் சுற்றிப் பழுப்பு வட்டம் விழுந்திருக்கும். அது முதுகுக்குள் போய்விடும், கண்டுகொள்ள வேண்டாம்.

ரகம் பிரிக்கிற வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்தேன். ஒற்றைக் கோடு, இரட்டைக் கோடு, நாலு கோடு, கட்டம் போட்டது, கோடு போடாதது. அரை மணி நேரத்தில் சண்டை வந்துவிட்டது. நாலு கோடு சின்னப் பிள்ளைகள் எழுதுவது, அது தன் நோட்டில் ஒரு தாள்கூட இருக்கக்கூடாது என்று மகன். ஏழாவது படிக்கிறவள் நோட்டில் அது எப்படி இருக்கும் என்று மகள். கடைசியில் நாலு கோட்டுத் தாள் எல்லாம் எனக்கு வந்தது, பால் கணக்கும் இஸ்திரிக் கணக்கும் இப்போது இங்கிலீஷ் காப்பி ரைட்டிங் தாளில் ஓடுகிறது.

மே 4 அன்று அக்னி நட்சத்திரம் ஆரம்பம். அதற்குமேல் பகலில் இந்த வேலையைத் தொட முடியாது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஃபேன் போட்டால் பிரித்து வைத்த தாள் கூடம் முழுக்கப் பறக்கிறது, நிறுத்தினால் முழங்கையிலிருந்து வேர்வை சொட்டித் தாள் பொங்கிவிடுகிறது. விடியற்காலை ஐந்தரையிலிருந்து எட்டுவரைதான் கைக்கு வாகான நேரம். எட்டு மணிக்குத் தெருவில் நுங்கு வண்டி வந்துவிடும், அப்புறம் யாரும் பாயில் உட்கார மாட்டார்கள்.

முழுத்தாள் தையல் சுலபம். எட்டு முதல் பத்துத் தாள் சேர்த்து ஒரு மடிப்பு. அதற்கு மேல் வைத்தால் உள் தாள்கள் வெளியே துருத்திக்கொண்டு வரும். மடிப்பின் நடுக்கோட்டில் மூன்று துளை, நடுவில் ஒன்று, மேலும் கீழும் ஒன்று. கோணி ஊசியால் குத்தினால் துளை பெரிதாகிவிடுகிறது. போர்வை தைக்கிற ஊசி போதும். மிஷின் நூலை மூன்று புரியாகச் சேர்த்து, மெழுகுவர்த்தியின் மேல் இரண்டு தடவை இழுத்துக்கொண்டால் சிக்கு விழாது, முடிச்சும் நழுவாது. உள்ளிருந்து நடுத்துளையில் குத்தி வெளியே எடுத்து, மேல் துளையில் உள்ளே வந்து, நடுவைத் தாண்டிக் கீழ்த் துளையில் வெளியே போய், மறுபடி நடுத்துளை வழியாக உள்ளே வர வேண்டும். இப்போது நூலின் இரண்டு நுனியும் உள்ளே இருக்கும், நடுவே மேலிருந்து கீழாக ஒரு நீளத் தையல் ஓடும். அந்தத் தையலுக்கு இந்தப் பக்கம் ஒரு நுனி, அந்தப் பக்கம் ஒரு நுனியாக வைத்து, அதன் மேல் முடிச்சுப் போட வேண்டும். ஒரே பக்கம் முடிந்தால் கொஞ்ச நாளில் தளர்ந்துவிடும். மகளுக்கு இது ஒரு தடவை காட்டியதிலேயே வந்துவிட்டது, என்னைவிட இறுக்கமாகப் போடுகிறாள்.

ஒற்றை இதழ்களுக்கு இது நடக்காது. அடுக்கித் தட்டிச் சமமாக்கி, இரண்டு பக்கமும் மரஸ்கேல் வைத்துக் கிளிப்பால் இறுக்கி, ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் பக்கவாட்டில் தைக்க வேண்டும். நாற்பது இதழுக்கு மேல் ஊசி இறங்கவில்லை. மெல்லிய ஆணியைச் சுத்தியலால் தட்டித் துளை போட்டுக்கொண்டேன், அடியில் பழைய சப்பாத்திப் பலகை. இப்படித் தைத்தால் உழைக்கும், ஆனால் நோட்டு முழுசாக விரியாது, ஒரு கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டுதான் எழுத வேண்டும். கணக்குப் போட்டுப் பார்க்கிற பிள்ளைக்கு முழுத்தாள் நோட்டைக் கொடுங்கள், ஒற்றை இதழ் நோட்டு வீட்டுக் கணக்குக்குப் போகட்டும்.

பசைக்கு வழக்கமாக மைதாவைக் காய்ச்சுவார்கள். பைண்டிங் கடைகளில் பூச்சியும் பூஞ்சையும் வராமலிருக்க மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. அது விஷம், பிள்ளைகள் கை வைக்கிற வேலையில் நான் சேர்க்கவில்லை, அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் காய்ச்சினேன். அப்புறம் ஒரு காலையில் அத்தை ஜவ்வரிசி வத்தலுக்குக் கூழ் காய்ச்சிக்கொண்டிருந்தார். மரவள்ளி மாவும் மாவுச்சத்துதானே, ஒட்டாமலா போகும் என்று ஒரு கரண்டி கேட்டேன். உப்பும் பச்சை மிளகாய் விழுதும் போடுவதற்கு முன்னால் எடுத்துக்கொள்ள வேண்டும், அதுதான் முக்கியம். உப்பு விழுந்த கூழ் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், தாள் நசநசப்பு போகாது. உப்பில்லாத கூழை வடிகட்டி, கொஞ்சம் தண்ணீர் விட்டு இளக்கித் தடவியதில் மைதாவைவிட மெல்லிசாகப் பரவியது, காய்ந்த பின் பளபளப்பும் இல்லை, கறையும் இல்லை. தாளோடு தாள் ஒட்ட நான் இனி இதைத்தான் எடுப்பேன். அட்டையோடு துணி ஒட்ட மைதாவே மேல்.

அட்டைக்கு வருகிறேன். போன வருடத்துத் தினசரி காலண்டரின் பின்னட்டையைவிட நல்ல அட்டை வீட்டில் வேறு எதுவும் இல்லை, கெட்டி, வெட்டினால் பிசிறாது. எங்கள் பக்கத்துக் கடைகளில் கொடுக்கிற காலண்டரெல்லாம் பெரும்பாலும் சிவகாசியில் அச்சானவை. அத்தனையிலும் சாமி படம். கத்தியும் ஸ்கேலுமாக முருகன் முன்னால் உட்கார்ந்தவுடன் அத்தை வந்துவிட்டார். "சாமி முகத்துல கத்தி வைக்காதம்மா, வேற அட்டையே கிடைக்கலையா?" வேட்டி வந்த பெட்டியின் அட்டையை வைத்துப் பார்த்தோம், அது வளைகிறது. கடைசியில் அத்தையே வழி கண்டுபிடித்தார். ஈரத்துணியைப் படத்தின் மேல் கொஞ்ச நேரம் போட்டு வைத்து, மூலையிலிருந்து மெதுவாக உரித்து, படத்தைத் தனியாக எடுத்து பூஜை அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவிட்டார். அட்டை எனக்கு, முருகன் அவருக்கு. மேலே பிளாஸ்டிக் பூச்சு இருக்கும் காலண்டரில் தண்ணீர் இறங்காது, அதில் முதலில் பூச்சை ஓரமாகக் கீறிவிட வேண்டும். அதை அத்தைதான் செய்தார், நான் கத்தியைத் தொடவில்லை.

இனி வெயில் விஷயம். மேலட்டைக்குப் பிரவுன் தாள் ஒட்டிய பிறகு எப்படிக் காயவைப்பது என்பதுதான் இந்த வேலையில் கற்றுக்கொள்ள வேண்டியது. இரண்டு அட்டைக்கு ஒரே கூழ், ஒரே தாள் ஒட்டி, ஒன்றை மாடியில் வத்தல் வேட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன், இன்னொன்றைக் கூடத்தில் இரண்டு செய்தித்தாளுக்கு நடுவே வைத்து மேலே அம்மிக்கல்லை ஏற்றினேன். மாடியில் வைத்தது ஒரு மணி நேரத்திலேயே மொறுமொறுவென்று காய்ந்து, பக்கத்திலிருந்த வத்தல் எப்படி ஓரம் தூக்கிக்கொண்டு நின்றதோ அதே மாதிரி நின்றது. அம்மிக்கு அடியில் இருந்ததை எடுக்க மறுநாள் காலை ஆனது, பலகை மாதிரித் தட்டையாக இருந்தது. பசை பட்ட தாள் ஈரத்தில் விரிகிறது, காயும்போது சுருங்குகிறது, சுருங்கும்போது அட்டையைத் தன் பக்கம் இழுக்கிறது. வெயிலில் அந்த இழுப்பு ஒரேயடியாக நடக்கிறது, தடுக்க மேலே பாரமும் இல்லை. அட்டையின் உட்பக்கமும் ஒரு தாளை ஒட்டிவிட்டால் இரண்டு பக்க இழுப்பும் ஒன்றுக்கொன்று சரியாகிவிடும்.

ஓரம் வெட்டித் தரச் சொல்லித் தெருமுனை பைண்டிங் கடைக்குப் போனபோது அந்த வளைந்த அட்டையையும் காட்டினேன். அண்ணன் சிரித்துவிட்டார். "வெயில்ல காயப்போட இது என்ன வத்தலாம்மா?" அவர்தான் தாளுக்கு ஓட்டம் உண்டு என்று சொல்லிக்கொடுத்தார். தாளை நெடுக்கே ஒரு தடவை, குறுக்கே ஒரு தடவை மடித்தால் ஒரு பக்கம் மொழுக்கென்று மடியும், இன்னொரு பக்கம் முறுமுறுத்து வெடிக்கும். மொழுக்கென்று மடிகிற திசைதான் ஓட்டம், அது முதுகோடு போக வேண்டும். அட்டைக்கும் தாளுக்கும் ஓட்டம் ஒரே பக்கமாக இருந்தால் வளைவு குறையும். பிரவுன் தாள் சுருளில் ஓட்டம் பெரும்பாலும் நீளவாக்கில்தான் இருக்கும், வெட்டும்போது யோசித்து வெட்டுங்கள்.

மே நடுவில் யாரும் எதிர்பாராமல் மழை பிடித்துக்கொண்டது, அக்னி நட்சத்திரத்துக்குள்ளேயே தெற்கு மாவட்டங்களில் நல்ல கோடை மழை. பழைய குற்றாலத்தில் மே 17 அன்று திடீர் வெள்ளம் வந்து ஒரு பையனை அடித்துப்போன செய்தியைப் பார்த்ததும் எங்கள் குற்றாலத் திட்டம் நின்றுபோனது. வீட்டில் அம்மிக்கு அடியில் இருந்த அட்டைகள் காயவே இல்லை. செய்தித்தாளைக் காலையும் மாலையும் மாற்ற வேண்டியிருந்தது, மாற்றாமல் விட்ட ஒன்றில் சாம்பல் புள்ளி விழுந்து வாடை வந்துவிட்டது. மழை நாளில் ஒட்டுவதை விட்டுவிட்டுத் தைப்பதை வைத்துக்கொள்ளலாம்.

பள்ளி திறப்பு ஜூன் 6 என்று முதலில் சொல்லி, வெயிலைக் காரணம் காட்டி 10க்குத் தள்ளிப் போட்டார்கள். பிள்ளைகள் குதித்தார்கள், எனக்கும் முதுகுத் துணி ஒட்ட நேரம் கிடைத்தது. பழைய சுங்குடிச் சேலையின் முந்தானைத் துண்டுதான் முதுகு. மகள் தன் நோட்டுக்குச் சிவப்புப் புள்ளி, தம்பிக்கு மிச்சம் இருந்த பச்சை. மகன் உட்கார்ந்து எல்லாப் பக்கத்துக்கும் நம்பர் போட்டான். என்ன அக்கறை என்று பார்த்தால் புக் கிரிக்கெட் விளையாடுவதற்காம், திறக்கிற பக்க நம்பரின் கடைசி இலக்கம்தான் ரன். ஒற்றை இதழ் நோட்டில் ஆடிப் பார்த்துவிட்டு, அது விறைப்பாக இருப்பதால் திறந்த இடத்திலேயே திரும்பத் திரும்பத் திறக்கிறது, ஒரே ஆள் ஆறு ஆறாக அடிக்கிறான் என்று அக்காவிடம் புகார்.

காலாண்டுப் பரீட்சை முடிந்த பின் எழுதுகிறேன் இதை. முழுத்தாள் நோட்டு இரண்டும் நிற்கின்றன, மகனுடையதில் மேல் மூலை நைந்திருக்கிறது. அடுத்த தடவை மூலைக்கும் துணி வைத்து ஒட்ட வேண்டும். மகளின் கூட்டாளி ஒருத்தி பின்னட்டையில் பை வைத்த மாதிரி தனக்கு ஒன்று கேட்டிருக்கிறாள், பரீட்சைத் தாள் மடித்து வைக்க வேண்டுமாம். தாள் இருக்கிறது, அட்டைதான் இல்லை. ஜனவரி பிறந்ததும் பழைய காலண்டரைத் தூக்கிப் போடாதீர்கள் என்று பக்கத்து வீடுகளில் சொல்லி வைத்திருக்கிறேன். இயற்கைக் காட்சி போட்டது யாரிடமாவது இருந்தால் உத்தமம், உரிக்கிற வேலை மிச்சம்.