நான்கு துப்பாக்கி, ஒரு டைமர்: கௌபாய் சுடும் போட்டிக்குத் தயாராகும் குறிப்புகள்

ஜனவரி 11, 2025, சனி. பீனிக்ஸ், அரிசோனா

பழைய அமெரிக்க மேற்குப் பாணித் துப்பாக்கிகளால் நேரம் பார்த்துச் சுடும் கௌபாய் ஆக்‌ஷன் போட்டிக்கு முதல்முறை போகிறவர் துப்பாக்கி எதுவும் வாங்காமல் வெறுங்கையோடு போவதே நல்லது. ஒரு மேட்ச் முழுக்க நின்று பார்க்க வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடியும் காது அடைப்பானும் மட்டும் மறக்கக் கூடாது. இலக்குகள் எல்லாம் இரும்புத் தகடுகள்; ஈயக் குண்டு மோதித் துணுக்காகச் சிதறும். பார்க்க வந்தவருக்கும் கண்ணாடி கட்டாயம்.

1987-இல் தொடங்கிய சிங்கிள் ஆக்‌ஷன் ஷூட்டிங் சொசைட்டியின் விதிப்படிதான் பெரும்பாலான கிளப்புகள் நடத்துகின்றன. மேட்சின் ஒவ்வொரு சுற்றும் ஒரு ஸ்டேஜ். ஒரு ஸ்டேஜில் வழக்கமாக இரண்டு ரிவால்வரில் ஐந்தைந்து, ரைஃபிளில் பத்து, ஷாட்கன்னில் நான்கோ ஆறோ சுட வேண்டும். எடுத்த நேரம்தான் மதிப்பெண். தவறிய ஒவ்வொரு குண்டுக்கும் 5 வினாடி கூடும். ரிவால்வர் இலக்கு 7 முதல் 10 கெஜத்தில் இருக்கும், தகடும் பெரியது. அதை அடிப்பது கடினமே அல்ல.

பார்க்க வேண்டியது வேறு. ஒரு துப்பாக்கியை வைத்துவிட்டு அடுத்ததைக் கையில் எடுக்கும் இடைவெளியைக் கவனியுங்கள். ஷாட்கன்னுக்கு இடுப்பு வாரிலிருந்து தோட்டா உருவும் கையைக் கவனியுங்கள். தேர்ந்தவர் இருபது வினாடிக்குள் முடிப்பதும் புதியவருக்கு ஒரு நிமிடம் ஆவதும் அங்கேதான். எங்கே பணம் போடுவது, எதைப் பழகுவது என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது.

இங்கே வேலைக்கு வந்திருக்கும் நம்மவர்களுக்கு ஒன்று: எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. பிறர் துப்பாக்கியைக் கடன் வாங்கிச் சுடுவதற்கு முன்பே வழக்கறிஞரிடம் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். கிரீன் கார்டு உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை.

ஜனவரி 18, சனி

ரிவால்வர். ஒவ்வொரு குண்டுக்கும் ஹாமரை, அதாவது பின்னாலுள்ள சுத்தியலை, கையால் இழுக்க வேண்டிய வகை மட்டுமே செல்லும். ஒரே மாதிரி இரண்டு வாங்குவது நல்லது. பிடியும் விசையின் கனமும் மாறினால் கை தடுமாறும். .357 மேக்னம் தோட்டாவுக்கான அறை (தோட்டா உட்காரும் துளை) கொண்டதை வாங்கி, அதில் வேகம் குறைந்த .38 ஸ்பெஷல் தோட்டாவைச் சுடுவதுதான் பரவலான வழக்கம். கையில் உதைக்கும் அதிர்ச்சி குறைவு, செலவும் குறைவு.

இத்தாலியின் உபெர்டியா, ரூகர் நியூ வக்கேரோவா? முதல் ஜோடிக்கு ரூகர் என்பதே என் தேர்வு. உபெர்டி பழைய கோல்ட் ரிவால்வரின் வடிவம். உள்ளே தட்டை ஸ்பிரிங். அது உடைந்தால் அன்றைய மேட்ச் போச்சு. ரூகரில் சுருள் ஸ்பிரிங், ஆண்டுக்கணக்கில் உழைக்கும்.

ஹாமர் ஸ்பிரிங்கை மென்மையாக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அளவு மீறினால் பிரைமர், அதாவது தோட்டாவின் அடியிலுள்ள பற்றவைக்கும் மூடி, வெடிக்காது. சுடாமல் நின்ற ஒவ்வொரு தோட்டாவும் தவறிய குண்டுதான்: 5 வினாடி.

ஜனவரி 25, சனி

இன்று ரைஃபிளும் தோட்டாவும். இரண்டையும் சேர்த்தே பேச வேண்டும். சிக்கல் பெரும்பாலும் இவை ஒன்றுக்கொன்று பொருந்தாததால்தான்.

வின்செஸ்டர் 1873 ரைஃபிளின் மறுபதிப்புதான் இந்தப் போட்டியின் செல்லப்பிள்ளை. விசைக்கு அடியிலுள்ள லீவரை இறக்கினால், கேரியர் என்னும் பித்தளைக் கட்டி தோட்டாவை லிஃப்ட் போல நேராக மேலே தூக்குகிறது. தோட்டா அளவுக்கு மீறிக் குட்டையாக இருந்தால், குழலுக்கு அடியில் தோட்டாக்கள் வரிசையாக நிற்கும் குழாயில் அடுத்து நிற்கும் தோட்டாவின் அடிவிளிம்பு கேரியருக்குள் நீட்டிக்கொண்டு வரும். நீளமாக இருந்தால் அதன் மூக்கே குழாய்க்குள் மாட்டி நிற்கும். இரண்டிலும் கேரியர் எழாது. லீவரை முரட்டுத்தனமாக இழுப்பது நிலைமையை மோசமாக்கும்.

.38 ஸ்பெஷலின் அதிகபட்ச நீளம் 1.55 அங்குலம். உங்கள் ரைஃபிள் எதை விரும்புகிறது என்று பத்துப் பத்தாக மைதானத்தில் சுட்டுப் பார்த்து, ஒத்துவரும் நீளத்தைக் காலிப்பரால் அளந்து எழுதி வையுங்கள். பிறகு அதை மாற்றாதீர்கள். இன்னொரு ரைஃபிளான மார்லின் 1894-இல் கோளாறு வேறு: லீவரின் கூரான விளிம்பு கேரியரை அரித்துக்கொண்டே வரும், ஒருநாள் இரண்டாவது தோட்டா அடியில் நழுவி எல்லாம் இறுகிவிடும். வாங்கியவுடனே விளிம்பை மழுக்கித் தரச் சொல்லுங்கள்.

குண்டு ஈயமாக இருக்க வேண்டும். செம்பு உறை கூடாது. ரிவால்வரில் வினாடிக்கு 1000 அடி, ரைஃபிளில் 1400 அடி உச்ச வேகம். மூக்கு தட்டையாக இருக்கட்டும்: குழாயில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் தோட்டாக்களில், கூரிய மூக்கு முன்னாலிருக்கும் பிரைமரைக் குத்தக்கூடும்.

சொந்தமாகத் தோட்டா கட்டுபவர்கள் ஒவ்வொன்றின் அடியையும் விரலால் தடவிப் பாருங்கள். பிரைமர் மயிரிழை உயர்ந்திருந்தாலும் ரிவால்வர் சிலிண்டர் சுற்றாது. வெடிச்சத்தம் வழக்கத்தைவிட மெலிதாகக் கேட்டால் உடனே நிறுத்த வேண்டும். குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும்.

பிப்ரவரி 1, சனி

ரிவால்வர் உறை. வலக்கைக்காரர் பலர் ஒன்றை வலது இடுப்பிலும் மற்றதை இடப்பக்கம் குறுக்காகவும் கட்டுவார்கள். குறுக்கு உறையில்தான் ஆபத்து. துப்பாக்கி வாய் 170 பாகைக்குள், அதாவது நேர்முன்னிலிருந்து இருபுறமும் 85-க்குள், இருக்க வேண்டும். நேராக நின்று உருவினால் வாய் இடதுபுறம் ஆட்களைத் தடவிப் போகும். இடது காலை முன்வைத்து இடது இடுப்பை இலக்குப் பக்கம் திருப்பிய பிறகே உருவ வேண்டும். திரும்ப வைக்கும்போதும் அப்படியே. இரண்டு நேர் உறைகளோடு தொடங்கினால் இந்தக் கவலையே இல்லை.

உடை: முழுக்கைச் சட்டை, தோல் பூட்ஸ், தொப்பி. டி-ஷர்ட், பேஸ்பால் தொப்பி, ஓட்டப்பந்தயக் காலணி ஆகாது.

பிப்ரவரி 5, புதன்

ஷாட்கன்னுக்கு ஒரு வாரம் முழுக்க ஒதுக்கலாம், அவ்வளவு தகும். 12 கேஜ் (குழலின் அளவு) இரட்டைக்குழல், சுட்டு முடிந்த வெற்றுக் கூட்டைத் தானே எறியாத வகை. டைமர் ஓடும்போதுதான் தோட்டா போட முடியும், ஒருமுறைக்கு இரண்டு. நூற்றுக்கணக்கில் பழகிய கைக்கும் பழகாத கைக்கும் வித்தியாசம் ஒரு ஸ்டேஜுக்குப் பல வினாடி.

வீட்டில் பழகுவதற்கு வெடிமருந்து இல்லாத போலித் தோட்டா மட்டும். உண்மைத் தோட்டா அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. இரண்டை ஒன்றாக வாரிலிருந்து உருவி, இரு குழலிலும் ஒரே அசைவில் நழுவவிட்டு, மூடி, திறந்து, பின்னோக்கி ஒரு வெட்டு வெட்டிக் கூடுகளை உதற வேண்டும். வேகம் வேண்டாம், நழுவல் சீராகட்டும்.

கூடு உதறினாலும் வராமல் ஒட்டினால் இரண்டு காரணம்: அறை அழுக்கு, அல்லது மலிவுத் தோட்டாவின் எஃகு அடி விரிந்து இறுகுவது. அறைகளை மெருகேற்றுங்கள், வின்செஸ்டர் டபுள் ஏ, ரெமிங்டன் எஸ்டிஎஸ் போன்ற வழுவழுப்பான கூடுகளை வாங்குங்கள். 7½ அல்லது 8-ஆம் எண் ஈயச் சன்னம் (தோட்டாவுக்குள் இருக்கும் சிறு உருண்டைகள்) போதும். 4-ஆம் எண்ணைவிடப் பெரியதும் எஃகுச் சன்னமும் தடை. ஷாட்கன் இலக்கு மட்டும் தவறினால் திரும்பச் சுடலாம். ஆகவே நாலுக்குப் பதில் ஆறேழு வாரில் செருகியிருங்கள்.

பிப்ரவரி 8, சனி

மாத மேட்ச். ஐந்து ஸ்டேஜுக்கு .38 நூறு வேண்டும். நூற்றிருபது எடுத்துப் போகலாம். ஷாட்கன் தோட்டா நாற்பது.

தோட்டா போடும் லோடிங் மேசையில், ஆறு அறை கொண்ட கோல்ட் வகை ரிவால்வருக்கு ஒரு வாய்ப்பாடு: ஒன்று போடு, ஒன்று விடு, நாலு போடு, ஹாமரை முழுக்க இழுத்து மெல்ல இறக்கு. வெற்று அறை ஹாமருக்கு நேராக வந்து நிற்கும். எல்லா வகைக்கும் ஐந்துதான், தவறி வெடிக்காமல் தடுக்கும் பாதுகாப்புப் பட்டை உள்ள ரூகருக்கும். ரைஃபிளில் பத்து, அறை காலி. அங்கே யாரோடும் பேச்சு வேண்டாம்; எண்ணிக்கை தவறுவது பேச்சால்தான்.

வரிசை மாற்றிச் சுட்டால் 10 வினாடி. இழுத்த ஹாமரோடு ரிவால்வரைக் கையைவிட்டால் அந்த ஸ்டேஜில் தகுதி போகும். தோட்டா உள்ள துப்பாக்கி கைநழுவிக் கீழே விழுந்தால் மேட்சிலேயே தகுதி போகும். காலியானது விழுந்தால் அந்த ஸ்டேஜில் மட்டும். விழுந்ததை நீங்கள் குனிந்து எடுக்கக் கூடாது. அதிகாரி எடுத்துப் பார்த்துத் தருவார்.

சுடாத நேரத்தில் வேலை உண்டு: கூடு பொறுக்குவது, விழுந்த தகட்டை நிறுத்துவது, தவறிய குண்டை எண்ணுவது. எண்ணுபவர் மூவரில் இருவர் ஒத்துச் சொன்னால்தான் தவறு தவறாகும். முதல் மாதத்திலேயே எண்ணப் பழகுங்கள்; பிறர் எங்கே தடுமாறுகிறார்கள் என்று அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

சாப்பிடும் முன் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஈயத் தூள் விரலில் இருக்கும். ரிவால்வரில் சிலிண்டர் முகத்தையும் அது சுழலும் நடு ஊசியையும் துடைத்தால் அடுத்த மாதம் வரை ஓடும். 1873-இன் கேரியர் பள்ளத்தில் ஒரு சொட்டு எண்ணெய் போதும். மிஞ்சினால் கரியோடு சேர்ந்து பசையாகி, ஒன்பதாவது தோட்டாவில் இழுக்கும்.