சீடை உடைத்த கடைவாய்ப்பல்

சீடை கடித்ததில் கடைவாய்ப்பல் பாதி, பழைய வெள்ளி அடைப்போடு சேர்ந்து கையில் வந்துவிட்டது. "முழுங்கிடலையே?" என்றுதான் அக்கா முதலில் கேட்டாள்.

இவ்வளவு பெரிய பள்ளத்தில் அடைப்பு எப்படி நிற்கும் என்று பல் டாக்டரிடம் கேட்டேன். வெள்ளி அடைப்பு தானாகப் பல்லில் ஒட்டாதாம். அதனால் குழியை ஊறுகாய் ஜாடி மாதிரி வாய் குறுகலாக, உள்ளே அகலமாகக் குடைவார்கள். சுவரே இடிந்துபோன பல்லில் அது பலிக்காது. அப்போது சுமார் 2 மில்லிமீட்டர் ஆழத்துக்குப் குட்டி ஸ்க்ரூ போல ஒரு பின்னைப் பல்லுக்குள் இறக்கி, வெளியே நீட்டும் தலையைச் சுற்றி அடைப்பார்கள். பல் விரிசல் விடலாம், நரம்பில் பட்டுவிடலாம் என்பதால் இப்போது அதிகம் போடுவதில்லையாம். (அப்பாடா!)

எனக்கு வைத்தது பல் நிறத்துக் காம்போசிட், அதாவது பிசின் அடைப்பு. முதலில் நீல ஜெல் தடவி 15 விநாடியில் கழுவினார். பாஸ்பாரிக் அமிலம்! நாக்கில் கொஞ்சம் பட்டு ஒரே புளிப்பு. அமிலம் அரித்த நுண்ணிய பள்ளங்களுக்குள் பசை இறங்கிக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. அமெரிக்கப் பல் மருத்துவர் மைக்கேல் புவனோகோர் 1955-இல் எழுதிய யோசனை.

ஆனாலும் மிச்சச் சுவர் மெலிசு, சீக்கிரம் பல்லுக்கு மேல் கேப் (உறை) போட்டுவிடுங்கள் என்றார். சரி, சம்பளம் வரட்டும். சீடை டப்பாவை அக்கா எங்கே ஒளித்து வைத்தாள் என்று தெரியவில்லை.